மில்லுக்காரம்மா வரி

எங்கள் பேரூராட்சியில் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகிறவர்கள் மற்ற கட்டணங்களோடு இன்னொன்றையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். ரசீதில் அதற்கு உட்கட்டமைப்பு மேம்பாட்டுக் கட்டணம் என்று பெயர். ஊருக்குள் மில்லுக்காரம்மா வரி என்று பெயர். அந்த மில்லுக்காரம்மா நான்தான்.

துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் தெரு. தெருவின் நடுவில் என் மாவு மில். என் கணவர் பம்ப்செட் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகிறவர். மில்லைப் பார்ப்பது நான். ராகியோ கோதுமையோ மிளகாயோ, எதை அரைக்கக் கொண்டுவந்தாலும் கொஞ்ச நேரம் நின்றுதான் ஆகவேண்டும். நிற்கிறவர்கள் பேசுவார்கள். தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. நான் வார்டு உறுப்பினர் ஆனதற்கு இதைத் தவிர வேறு தகுதி கிடையாது.

தெருவுக்கு மேற்கே ஒரு பெரிய தோட்டம் இருந்தது. வாழை போடுவார்கள், சில வருடம் மக்காச்சோளம். அதன் ஓரமாக ஒரு பள்ளம் ஓடியது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் போகும் ஓடை அது. மற்ற மாதங்களில் முள்ளும் குப்பையும்தான். தோட்டத்துக்காரக் குடும்பம் பாகம் பிரிந்ததும் நிலத்தை விற்றார்கள். வாங்கிய கட்டுமான நிறுவனம் வில்லா கட்டியது. லாரி லாரியாகச் செம்மண் கொட்டி நிலத்தை மேடாக்கினார்கள். வேலை முடிந்தபோது அவர்களுடைய கேட் எங்கள் வீட்டு ஜன்னல் உயரத்தில் இருந்தது. பள்ளத்தைக் குழாய்க்குள் அடைத்து மேலே ரோடு போட்டார்கள். குழாயின் வாய் எங்கள் தெருவின் தலைமாட்டில் வந்து திறந்தது.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் விடாமல் மழை பெய்தது. செம்மண் தண்ணீர் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. மில்லின் மோட்டார் மூழ்கியது. அரைத்து வைத்திருந்த மாவு டின்கள் மிதந்தன. எனக்காவது நஷ்டம் அதோடு போயிற்று. தெருவின் தாழ்ந்த கடைசியில் வரிசையாக லைன் வீடுகள் இருக்கின்றன, வாடகைக்குக் குடியிருப்பவர்கள். அங்கே கட்டிலுக்கு மேலே தண்ணீர் நின்றது.

அதில் ஒரு வீட்டில் சோமனூரிலிருந்து வந்த குடும்பம் இருந்தது. கூலிக்குத் தறி ஓட்டிக் கட்டுப்படியாகாமல் தறிகளை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள். அவர் ஒரு பவுண்டரியில் சேர்ந்தார். அந்தப் பெண் வீட்டில் மிஷின் போட்டுத் திருப்பூர் கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்தாள். என்னைவிடப் பத்து வயதுக்குமேல் இளையவள். மழை விட்டபிறகு நான் போய்ப் பார்த்தபோது, வெட்டிக் கொடுத்த துணிக் கட்டுகளைப் பிரித்து, செம்மண் கறை ஏறிய பனியன் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். காய வைத்தாலும் கம்பெனியில் எடுக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் செய்துகொண்டிருந்தாள்.

பேரூராட்சி அலுவலகத்துக்குக் கூட்டமாகப் போய்ச் சொன்னோம். நிதி இல்லை என்றார்கள். மறு வருடமும் தண்ணீர் வந்தது, மறுபடி போனோம், அதே பதில்தான். அதற்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தபோது எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். அந்தத் தையல்காரப் பெண்தான் மில்லுக்கு வந்து ஆரம்பித்தாள்.

“ஏனுங்க அக்கா, வருசா வருசம் நாம தண்ணியை அள்ளிக் கொட்டிட்டே இருக்கறதுங்களா? நீங்க நில்லுங்க. ஓட்டுக் கேக்க நான் கூட வாரேன்.”

சொன்னபடி வந்தாள். தையல் வேலையைப் பாதியில் வைத்துவிட்டு வீடு வீடாக என்னோடு ஏறி இறங்கினாள். எனக்கு வாய் வராத இடத்தில் அவள் பேசினாள். எந்தக் கட்சியும் பின்னால் இல்லாமல் நான் ஜெயித்தேன். முடிவு வந்த அன்று அவள் லைன் வீட்டு வாசலில் கேசரி கிளறி எல்லோருக்கும் கொடுத்தாள்.

புதிதாக வந்த உறுப்பினர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். அங்கே நான் கேட்ட ஒரே கேள்வி, மேலே கட்டிடம் கட்டுகிறவர்களால் கீழே இருப்பவர்களுக்கு ஏற்படுகிற செலவை யார் ஏற்பது என்பதுதான். கட்டுகிறவர்களிடமே கேட்கலாம், பெரிய ஊர்களில் அப்படி ஒரு கட்டணம் இருக்கிறது, மன்றத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள் என்றார் வகுப்பு எடுத்தவர். எனக்கு அது தெய்வ வாக்காகப் பட்டது. கணவரை உட்காரவைத்து எழுதச் சொன்னேன். மனை பிரித்து விற்கிறவர்களும் அடுக்குமாடி கட்டுகிறவர்களும் பேரூராட்சிக்கு ஒரு கட்டணம் கொடுக்கவேண்டும். அந்தப் பணம் அந்தந்த வார்டின் சாக்கடைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மட்டுமே செலவாகவேண்டும். இவ்வளவுதான் அதில் இருந்தது. எழுதி முடித்துவிட்டு அவர், “இதை நிறைவேற உட்டாங்கன்னா பாரு,” என்றார். நான் கோபித்துக்கொண்டேன்.

எங்கள் மன்றத்தில் சத்தம் வராது. மற்ற ஊர்களில் நாற்காலி பறக்கிறது, தீர்மான நகலைக் கிழிக்கிறார்கள் என்று செய்தியில் பார்க்கிறோம். எங்கள் பக்கம் ஒருவர் இன்னொருவரை வெட்டிப் போட்டாலும் ‘ங்க’ போட்டுத்தான் வெட்டுவார். தலைவர் ஒரு பெண்மணி. கல்யாண மண்டபம் வைத்திருக்கும் குடும்பம். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர். கெட்டிக்காரர். புருஷனை முன்னால் விட்டுப் பின்னால் நிற்கிற தலைவர் இல்லை; அவரே எல்லாக் கோப்பையும் படிப்பார், எல்லோரையும் பேசவிடுவார். என்னை ‘அம்மணி’ என்றுதான் கூப்பிடுவார்.

தீர்மானத்தை வைத்த அன்று முதலில் எழுந்தவர் ஒரு விவசாயி. இன்னும் தோட்டம் வைத்திருக்கும் உறுப்பினர் அவர் ஒருவர்தான், நல்ல மனிதர். அவர் ஆதரிப்பார் என்று நினைத்திருந்தேன்.

“அம்மணி சொல்றது நாயந்தானுங்க. ஆனா என்ற தோட்டத்தை வாங்கறவன் அந்தக் கட்டணத்தை அவன் கையிலிருந்தா குடுப்பான்? என்ற வெலையிலதானுங்க கழிப்பான். தண்ணி இல்லாத பூமியை வெச்சுட்டு நான் வேற என்ன பண்றது? அதை வித்துத்தான் புள்ளைக்குச் செய்யோணும்.”

அவர் பேசியதில் பொய் இல்லை. அடுத்து, நிலம் வாங்கி விற்கும் தொழில் செய்கிற உறுப்பினர் பேசினார். வீடு வாங்க வருகிறவர்கள் தலையில்தான் அது போய் விழும், அவர்கள் நம் ஊரை விட்டுவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் போய்விடுவார்கள், ஊர் வளராது என்றார். ஊர் வளர்கிறதா வீங்குகிறதா என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது.

“ஊடு கட்டறவங்க லாபத்தை எடுத்துட்டுப் போறாங்க, தண்ணியை எங்களுக்கு உட்டுட்டுப் போறாங்க. அது போறதுக்கு ஒரு வழியையும் அவங்களே பண்ணிக் குடுக்கட்டுமுங்க. எங்க தெருவுல நிக்கற தண்ணிக்கு இத்தனை வருசமா யாரு கட்டணம் கட்டறாங்க? நாங்கதானுங்க கட்டிட்டிருக்கறோம்.”

சிலர் மேஜையைத் தட்டினார்கள். தலைவரும் தலையசைத்தார். நல்ல ரோசனை, சட்டப்படி எப்படிச் செய்யலாம் என்று செயல் அலுவலர் பார்த்துச் சொல்லட்டும், அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம் என்றார். நான் வீட்டுக்குப் போகாமல் நேராக லைன் வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். அவள் அப்போது ஒரு நல்ல செய்தி வைத்திருந்தாள். தெருவின் மேல்பக்கம், தண்ணீர் ஏறாத இடத்தில், ஒன்றரை சென்ட் மனை பேசி முடித்திருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. ஒரு அறை படுக்க, ஒன்று மிஷின் போட. மிஷினை எங்கே போடுவாள், வெளிச்சம் எந்த ஜன்னலில் வரும் என்று கையால் காற்றில் வரைந்து காட்டினாள்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. இடையில் ஒருநாள் கட்டுமான நிறுவனத்தின் மேனேஜர் மில்லுக்கு வந்தார். இளைஞர், பணிவானவர், கையில் ஸ்வீட் பாக்ஸ். மில்லின் தரையை உயர்த்திப் புது ஷட்டர் போட்டுக் கொடுப்பதில் தங்களுக்கு ஒன்றும் சிரமமில்லை என்றார். தெருவையே உயர்த்திக் கொடுக்கச் சொன்னேன். சிரித்தார். ஸ்வீட் பாக்ஸை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தபோதும் அவர் முகம் மாறவில்லை. “சேரிங்க அக்கா, வாரேனுங்க,” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மிளகாயை ஹாப்பரில் கொட்டினேன்.

பிறகு ஒரு கூட்டத்தில் தீர்மானம் வந்தது. செயல் அலுவலர் வேகமாகப் படித்தார். என் பெயரையும் வார்டையும் சொல்லி, உறுப்பினரின் கோரிக்கையை ஏற்று, பேரூராட்சி அனுமதி வழங்கும் அனைத்துக் கட்டிடங்களுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று மேம்பாட்டுக் கட்டணம் வசூலிக்கலாம் என்று முடித்தார். எனக்குச் சந்தோஷத்தில் முதலில் உறைக்கவில்லை. அந்த விவசாயிதான் கேட்டார்.

“அப்ப வில்லாக்காரங்க?”

அது இதில் வராது என்றார் செயல் அலுவலர். பெரிய மனைப்பிரிவுக்கும் அடுக்குமாடிக்கும் அனுமதி மேலே, நகரமைப்பு அலுவலகத்தில் கொடுக்கிறார்கள், கட்டணமும் மேலேயே வாங்கிக்கொள்கிறார்கள். நமக்கு அதிகாரம் இல்லை. நாம் அனுமதி கொடுப்பது சின்ன வீடுகளுக்குத்தான். ஆகவே நாம் வாங்க முடிந்தது அவர்களிடம்தான். மேலும், அந்த நிறுவனம் தன் விருப்பமாக ஒரு பஸ் நிழற்குடை கட்டித் தருவதாகக் கடிதம் கொடுத்திருக்கிறது என்றும் சொன்னார்.

நான் எழுந்து, நான் கேட்டது இது இல்லை என்றேன். கட்டணம் கேட்டீங்க, கட்டணம் வந்துருச்சுங்களே என்றார் நிலம் விற்கிறவர். நான் திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. நான் நிறுத்தியதும் தலைவர், “உறுப்பினரோட அக்கறைக்கு நன்றிங்க,” என்று சொல்லி ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். அன்றைக்கு மேஜையைத் தட்டியவர்களும் தூக்கினார்கள். விவசாயியும், என்னைப் பார்க்காமல், தூக்கினார். இனி அவர் தோட்டத்து விலையில் யாரும் எதையும் கழிக்கப் போவதில்லை.

நான் எதிர்த்ததைப் பதிவு செய்யுங்கள் என்று செயல் அலுவலரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே, “உங்க தீர்மானத்தை நீங்களே எதிர்த்தீங்கன்னு எழுதுனா நல்லா இருக்காதுங்க மேடம்,” என்றார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள்.

படியிறங்கும்போது தலைவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து மெதுவாகப் பேசினார்.

“அம்மணி, என்மேல வருத்தப்படாதே. அவங்களுக்கு நாம ஒரு நோட்டீஸ் குடுத்தா அடுத்த நாளே கேஸ் போடுவாங்க. வக்கீலுக்குக் குடுக்கப் பேரூராட்சியில காசு இல்லை. சின்ன ஊடு கட்டறவன் கேஸ் போடமாட்டான்.”

அவ்வளவு உண்மையாக அந்தக் கட்டிடத்துக்குள் வேறு யாரும் பேசி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு, ஊட்டுக்கு ஒரு நாள் வா, அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கிப் போடறேன் என்றார். கார் ஏறிப் போய்விட்டார்.

கட்டணம் வந்த செய்தி எனக்கு முன்னால் தெருவுக்குப் போயிருந்தது. மாடி எடுக்க இருந்தவர்கள், பையனுக்குத் தனியாக ஒரு ரூம் போட இருந்தவர்கள், எல்லோரும் மில்லுக்கு வந்து விசாரித்தார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. ‘இப்படிப் பண்ணிப்போட்டீங்களே’ என்ற வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நான் விளக்கினேன். பெரியவர்களுக்குத்தான் கேட்டேன், மாற்றிவிட்டார்கள் என்றேன். தலையாட்டினார்கள். கவுன்சிலர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்கிற தலையாட்டல் அது.

அவள் சில நாள் கழித்து வந்தாள். பேரூராட்சியில் பிளானைக் கொடுத்துவிட்டு, கட்டவேண்டியதைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். மில் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தினேன்.

“நீங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க அக்கா,” என்றாள். “எனக்குத் தெரியாதுங்களா?”

நான் ஏதாவது ஏற்பாடு செய்கிறேன் என்றேன். என்னிடம் இருப்பதைத் தருகிறேன் என்றும் சொன்னேன். அதெல்லாம் வேண்டாம், மேஸ்திரியிடம் பேசிக்கொண்டோம் என்றாள். முன்பே அரைக்கக் கொடுத்திருந்த ராகி டின்னை வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் மாவு அரைக்க என் மில்லுக்கு வரவில்லை. பஸ் ஏறித் துடியலூருக்குப் போய் அரைத்துக்கொண்டு வந்தாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். தெருவில் பார்த்தால் எப்போதும் போலப் பேசினாள். அவள் ஒரு நாள் நின்று என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு அழுதிருப்பேன். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

மேலே, கலெக்டர் ஆபீசில் ஒரு மனு கொடுத்தேன். என் பெயரில் நிறைவேறிய தீர்மானம் நான் கேட்டதற்கு நேர்மாறானது, அதை ரத்து செய்யவேண்டும் என்று எழுதினேன். தகுந்த நடவடிக்கைக்காக அந்த மனு எங்கள் செயல் அலுவலருக்கே அனுப்பப்பட்டது. அவர் எனக்குப் பதில் எழுதினார். தங்கள் தீர்மானம் சிறப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டு வருகிறது என்று இருந்தது. அவருடைய அறையும் மன்றமும் ஒரே மாடியில்தான். அந்தப் பதிலைத் தபாலில் அனுப்பியிருந்தார்.

வசூலான பணத்தில் சாக்கடை வந்தது. அதையும் சொல்லவேண்டும். வில்லா கேட்டிலிருந்து எங்கள் தெருவின் ஆரம்பம் வரை, நல்ல கான்கிரீட்டில், மேலே மூடி போட்டு, வழுவழுவென்று கட்டினார்கள். அங்கே வந்ததும் நிதி தீர்ந்தது. மிச்சம் இரண்டாம் கட்டத்தில் என்றார்கள். அதுவரை வில்லா மேட்டிலிருந்து சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது நேராக வருகிறது. அடுத்த மழைக்கு லைன் வீட்டுக்காரர்கள் பாத்திரங்களைப் பரணில் ஏற்றுவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை.

திறப்பு விழாவுக்குக் கல் வைத்தார்கள். என் பெயரைப் போடாதீர்கள் என்று தலைவருக்குப் போன் செய்து சொன்னேன். வார்டு உறுப்பினர் பெயர் இல்லாமல் எப்படி, முறையில்லையே என்றார். கல்லில் தலைவருக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. நான் போகவில்லை. நான் இல்லாமலேயே என் சார்பில் யாருக்கோ சால்வை போட்டார்கள்.

அவள் வீடு தை மாதம் முடிந்தது. வீட்டுக்காரரோடு வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தாள். காலையில் கணவரும் நானும் போனோம். இரண்டு அறை என்று சொன்ன வீட்டில் ஒரு அறைதான் இருந்தது. சதுர அடியைக் குறைத்தால் கட்டணம் குறையும் என்று பிளானை வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு அறை வரவேண்டிய பக்கத்தில் பூசாத சுவர். மூலைத் தூண்களில் கம்பிகள் அப்படியே வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் நுனியில் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தையல் மிஷின் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அந்த இடத்துக்குப் பகலிலேயே லைட் போடவேண்டும்.

பந்தியில் எனக்கு எதிரே சோமனூரிலிருந்து வந்த ஒறம்பரை, அவளுடைய சொந்தக்காரர்கள், உட்கார்ந்திருந்தார்கள். அவளே வந்து என் இலைக்குப் பணியாரம் வைத்தாள். இன்னொன்று வைத்தாள். எதிரே இருந்த ஒரு அம்மாவிடம், “இவங்கதானுங்க எங்க கவுன்சிலரு,” என்றாள். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை. அறிமுகம் செய்தாள், அவ்வளவுதான்.

அந்த அம்மா என்னை நன்றாகப் பார்த்தார்.

“அந்த வரி போட்டவங்களா?”

“ஆமாங்க,” என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

நான் ஆரம்பித்தேன். கட்டணம் கேட்டது பெரிய கட்டிடங்களுக்கு, அனுமதி மேலே கொடுக்கிறார்கள், இவர்கள் வார்த்தையை மாற்றிப் போட்டார்கள், நான் எழுந்து எதிர்த்தேன், எதிர்த்ததை எழுதவில்லை. பக்கத்தில் கணவர் என் முழங்கையைத் தொட்டார். நான் நிறுத்தவில்லை. மனு கொடுத்தது, அது திரும்பி வந்தது வரை சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். நடுவில் ‘சேரிங்க, சேரிங்க’ என்றார். சாம்பார் வாளி வந்தபோது என் இலையைக் காட்டி, கவுன்சிலருக்கு ஊத்துங்க என்றார். பிறகு இலையை மடித்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.